குளித்த பிறகு திறக்கும் கடை

முத்துமாரி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். நாங்கள் இந்தப் பக்கம், அவளுடைய கடை வாசலில் நின்றோம். நடுவில் லாரியும் ஆட்டோவும் போய்க்கொண்டிருந்தன.

“இங்க வாம்மா” என்று மதியழகன் சார் கூப்பிட்டார். அவர் திட்ட அதிகாரி. அந்தக் கடை அவளுக்கு நிற்குமா போகுமா என்பதை அன்றைக்கு முடிவு செய்ய வந்தவர்.

“வர மாட்டேன் சார்” என்றாள் அவள்.

தலையில் கட்டிய துண்டிலிருந்து கால் விரல் வரைக்கும் வெள்ளி நிறத்தில் இருந்தாள். எல்லாம் அலுமினியப் பவுடர். கம்பெனி வேனிலிருந்து அப்படியே இறங்கியிருந்தாள். சாயங்கால வெயில் பட்டு அவள் மினுங்கியதில், போகிற சைக்கிள்காரர்கூட ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

“ஆபீசர் கூப்பிடுறேன், வர மாட்டேன்னா என்ன அர்த்தம்?” என்று சார் என்னைக் கேட்டார். அவருக்கு முகம் கடுத்துவிட்டது. கடைக்குள்ளே கரண்டியோடு நின்ற பையன் சுசாந்த், எண்ணெய்ச் சட்டியை மறந்து முத்துமாரியையே பார்த்துக்கொண்டிருந்தான். வடை கருகும் வாசனை வந்தது.

ரோட்டைத் தாண்டி வந்து இரண்டு வார்த்தை பணிவாகப் பேசினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அவள் அசையவில்லை. திமிர் என்று யாராவது நினைத்திருந்தால் அவர் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். காரணத்தைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், அங்கிருந்து இன்னும் கொஞ்சம் பின்னால். எனக்கு நேராகக் கதை சொல்ல வராது என்பது இத்தனை வாரமாகப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும்.

சந்தை போய் வீதி வந்தது

தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. சிவகாசியில் ஊரைப் புதுப்பிக்கும் வேலை நடந்தபோது, தெருத்தெருவாகப் போய் “இதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது, வாங்க” என்று கூப்பிடுவது என் வேலை. சமுதாய அமைப்பாளர் என்று அதற்குப் பெயர். தெருவில் என்னை ‘மீட்டிங் அக்கா’ என்பார்கள். நான் வந்தாலே மீட்டிங்கும் வந்துவிடும் என்று பயந்து கதவைச் சாத்திக்கொண்ட வீடுகளும் உண்டு.

ஒழுகிக்கொண்டிருந்த பழைய சந்தையை இடித்துவிட்டுப் புது வளாகம் கட்டினார்கள். அதன் பக்கவாட்டில், ரோட்டைப் பார்த்த மாதிரி, வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள். உணவு வீதி என்று பலகை வைத்தார்கள். தரையெல்லாம் கல் பதித்து, மேலே வண்ண விளக்கு போட்டு, உட்காரத் திண்டும் கட்டியிருந்தார்கள்.

ஊர் புதுசானால் யார் முதலில் உள்ளே போவார்கள்? ஏற்கெனவே நாலு கடை வைத்திருப்பவர்தான் அஞ்சாவதுக்கும் துண்டு போடுவார். அதனால்தான் இந்த வீதியில் சில கடைகளை வேலை தேடும் இளசுகளுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். வெளி மாநிலத்திலிருந்து வந்து இங்கே உழைப்பவர்களுக்கும் பயன் போய்ச் சேர வேண்டும் என்று திட்டத்தில் ஒரு வரி இருந்தது. வரி இருந்ததே தவிர வழி இல்லை. கடை கேட்டால் உள்ளூர் முகவரிக்கு அத்தாட்சி கேட்டார்கள். பிரஸ்ஸுக்குப் பின்னால் ஒரே அறையில் ஏழெட்டுப் பேராகப் படுத்துக் கிடக்கும் பையன்கள் அதற்கு எங்கே போவார்கள்?

இரண்டு கண்டிப்பு வேறு. பிரஸ்ஸும் கம்பெனியும் விட்டு ஜனம் வரும் நேரத்துக்குக் கடை திறந்திருக்க வேண்டும். பெயர் உள்ளவர்தான் நடத்த வேண்டும், இன்னொருத்தருக்கு உள்வாடகைக்கு விட்டால் கடை ரத்து.

முத்துமாரிக்குக் கடை கிடைத்தது. விஸ்வநத்தத்துப் பெண். அவள் தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை. அம்மா தீப்பெட்டி ஆபீஸ். இவள் பன்னிரண்டாவது முடித்துவிட்டுப் பட்டாசுக் கம்பெனிக்குப் போனவள். அதுவும் மருந்து ரூமில் வேலை. பட்டாசுக்குள் அடைக்கும் ரசாயனத்துக்கு எங்கள் ஊரில் மருந்து என்றுதான் பெயர்.

“கடை மட்டும் நின்னுருச்சுன்னா அடுத்த சீசனுக்கு நான் மருந்து ரூமுக்குப் போக மாட்டேன்க்கா” என்றாள் சாவி வாங்கிய அன்றைக்கு. “அம்மாகிட்டச் சொல்லிட்டேன்.”

“அம்மா என்ன சொன்னாக?”

“மொதல்ல நிக்கட்டும்னுச்சு.”

அம்மா சொன்னது நியாயம்தான். கடை கைகொடுக்கும்வரை கம்பெனியை விட முடியாது. கம்பெனியை விடாமல் கடையை நேரத்துக்குத் திறக்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அந்தப் பெண் பட்ட பாட்டைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

“குளிக்கணும்ல சார்”

மற்ற கடைகளில் தோசைக்கல் சத்தம் கேட்கும்போது முத்துமாரி கடையில் ஷட்டர் மூடியே கிடந்தது. ஜனமெல்லாம் தின்று முடித்துப் பல் குத்தும் நேரத்துக்கு அவள் ஈரத் தலையோடு ஓடி வருவாள். அவசர அவசரமாகப் பணியாரக் கல்லை ஏற்றுவாள். நல்ல கைமணம் உள்ளவள். ஆனால் வயிறு நிறைந்தவனுக்குப் பணியாரம் என்னத்துக்கு?

ஆபீசில் கூப்பிட்டு விசாரித்தார்கள். நானும் கூட உட்கார்ந்திருந்தேன். மதியழகன் சார் கடற்கரைப் பக்கத்துக்காரர். எங்கள் மாவட்டத்துக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நல்ல மனுஷன். நாற்காலி போட்டு அவளை உட்காரச் சொன்னார்.

“கம்பெனி எப்பம்மா விடுது?”

அவள் சொன்னாள்.

“அப்ப நேரா கடைக்கு வந்தா சரியா இருக்குமே. ஏன் லேட்டு?”

“வீட்டுக்குப் போயிக் குளிக்கணும்ல சார்.”

“தினமுமா?”

“தினமும்தான் சார்” என்றாள் அவள். குளிக்காமல் எப்படி என்று ஆச்சரியமாக அவரைப் பார்த்தாள்.

“குளிக்காம அடுப்பத் தொட மாட்டியா?”

“எப்படி சார் தொடுறது?”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை, தங்கச்சிக்குப் புத்தி சொல்வதுபோல் சொன்னார். “இந்தக் காலத்துல மடி ஆசாரமெல்லாம் பார்த்தா வியாபாரம் நடக்காதும்மா. சாப்பிட வர்றவங்க நீ குளிச்சியா குளிக்கலையான்னு பார்க்கப் போறதில்ல. நீ இந்த மாதிரி விஷயத்துல இருந்து வெளிய வரணும்.”

முத்துமாரி தலையை ஆட்டினாள். ஒன்றும் புரியாவிட்டால் அவள் அப்படித்தான் ஆட்டுவாள். எனக்கும் சார் எதற்கு மடிக்குத் தாவினார் என்று விளங்கவில்லை. மடி, தீட்டு என்று சொல்லியே ஒரு காலத்தில் ஊர்க் கிணற்றிலிருந்து தள்ளி நிறுத்தப்பட்ட தெரு அவளுடையது. அவளைப் பார்த்து இதைச் சொல்கிறாரே என்று எரிச்சலாகத்தான் வந்தது. “இனிமே நேரத்துக்கு வருவா சார்” என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

சிவகாசியில் பிறந்தவர்களுக்கு இந்தக் குளியல் விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமே இல்லை. சோறு தின்றால் கை கழுவுவது மாதிரி. யாரும் யாருக்கும் சொன்னதில்லை, அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

ஈரத் தலை

என் அம்மாவும் மருந்து ரூமில் இருந்தவள்தான். அப்போது நாங்கள் ஆமத்தூரில் இருந்தோம்.

மற்றப் பிள்ளைகள் வேலைவிட்டு வரும் அம்மாவைப் பார்த்து ஓடும். நாங்கள் ஓடக் கூடாது. அம்மா வீட்டுக்கு முன்வாசல் வழியாக வரவே மாட்டாள். கொல்லைப்பக்கமாக வந்து, “தண்ணி எடுத்து வையி” என்று குரல் கொடுப்பாள். நான் வாளியை வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்க வேண்டும். தலையோடு கால் ஊற்றி, சேலையை மாற்றி, மாற்றிய சேலையைத் தனியாக ஒரு தொட்டியில் ஊறப் போட்டு, அதற்கப்புறம்தான் அவள் எங்களுக்கு அம்மா.

அம்மாவை நான் கட்டிக்கொண்ட நேரமெல்லாம் அவள் தலை ஈரமாகத்தான் இருந்திருக்கிறது. அம்மா என்று நினைத்தாலே எனக்குச் சீயக்காய் வாசம்தான் முதலில் வரும். காய்ந்த தலையோடு அம்மாவைக் கட்டிக்கொள்ளும் பிள்ளைகளும் உலகத்தில் உண்டு என்பது பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அடுத்த தெருவில் ஒரு சித்தி, பிள்ளை பசியில் அழுகிறதே என்று வேலைச் சேலையோடு அடுப்பை ஊதப் போனாள். அதற்கு மேல் எழுத எனக்கு மனம் இல்லை. அவள் பிள்ளை இப்போது கல்யாணம் காட்சி கண்டு நன்றாக இருக்கிறான். எங்கள் பக்கத்து வீடுகளில் பெண்கள் குளிக்காமல் அடுப்படிக்குப் போவதில்லை என்றால், சாமிக்குப் பயந்து இல்லை, பொறிக்குப் பயந்துதான்.

மழை நாளில் மட்டும் கதை வேறு. வானம் இருட்டி இடி இடித்தால் கம்பெனியில் மருந்து வேலையை நிறுத்தி அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு முத்துமாரி மத்தியானமே வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, வீதியில் முதல் ஆளாகக் கடையைத் திறந்து உட்கார்ந்திருப்பாள். கொட்டுகிற மழையில் ஒரு குஞ்சு குருவி வராது. “நான் வந்தா ஊர் வர மாட்டேங்குது, ஊர் வந்தா நான் வர முடியல” என்று சிரிப்பாள். சிரித்தாலும் கண் சிரிக்காது.

இது வடை இல்லை

சுசாந்த் ஒடிசாக்காரன். ஆப்செட் பிரஸ்ஸில் காலை ஷிப்ட். காலண்டர், டைரி, மத்தாப்பு லேபிள் என்று என்ன ஆர்டர் வந்தாலும் மத்தியானத்துக்கு மேல் அவனுக்கு வேலை இல்லை. அவனும் உணவு வீதியில் கடை கேட்டு வந்தவன்தான். முகவரி இல்லை என்று திருப்பி அனுப்பினோம். “பரவால்ல மேடம்” என்று சிரித்துக்கொண்டே போனான். திட்டிவிட்டுப் போயிருந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

முத்துமாரிக்கும் அவனுக்கும் பழக்கம் ஏற்பட்டது பசியில்தான். பணியாரம் பிடித்துப்போய், தினமும் மூடிய ஷட்டருக்கு முன்னால் வந்து குத்தவைத்துக் காத்திருப்பான். ஒருநாள் அவளே கேட்டாள், “ஏலே, சும்மாதான உக்காந்திருக்க, சாவி தாரேன், மாவாவது கரைச்சு வைக்கியா?”

மாவு கரைத்தான். அடுத்த நாள் அடுப்பைப் பற்றவைத்தான். அதற்கடுத்த நாள் அவனாகவே உளுந்தை அரைத்து வடை சுட்டு, வெள்ளைப் பட்டாணியை வேகவைத்துத் தாளித்து மேலே ஊற்றி விற்க ஆரம்பித்துவிட்டான். முத்துமாரி வந்து பார்த்தபோது கடை முன்னால் கூட்டம்.

“என்னலே இது?”

“பரா குகுனி அக்கா. எங்க ஊர்ல காலைல இதான்.”

அவள் ஒரு வாய் தின்று பார்த்தாள். “உளுந்த வடையும் பட்டாணிக் குழம்பும். இதுக்கு எதுக்குலே இம்புட்டுப் பெரிய பேரு?”

“வடை இல்ல அக்கா. பரா.”

“சரிடா, வடை.”

இந்தச் சண்டை இன்றுவரை தீரவில்லை. ஊர் ஜனம் நடுவில் புகுந்து பட்டாணி வடை என்று பெயர் வைத்துவிட்டது. அவனை மட்டும் ‘இந்திக்காரப் பையன்’ என்றே கூப்பிட்டார்கள். தான் பேசுவது ஒடியா என்று எல்லாரிடமும் சளைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தான். பிரஸ்ஸில் கற்ற தமிழ் அவனுக்கு. ‘ஏலே’ இல்லாமல் ஒரு வாக்கியம் வராது. பெரிய மனிதர்களிடம் பேசும்போது அதை முழுங்கப் பாடுபடுவான்.

முதல் பாதி அவன், இரண்டாவது பாதி அவள். வடை தீரும் நேரத்துக்குப் பணியாரம் சூடாக வரும். கடை நிற்கத் தொடங்கியது. எனக்குச் சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வந்தன. யாராவது பார்த்தால் உள்வாடகை என்றுதான் சொல்வார்கள். பார்த்தார்கள், சொல்லியும்விட்டார்கள். ஆபீசுக்குப் புகார் போனது.

முத்துமாரியிடம் ஒரு வழி சொன்னேன். “கேட்டா, கூலிக்கு ஆள் வச்சிருக்கேன்னு சொல்லிரு. கூலிக்கு வைக்கலாம், அதுக்குத் தடை இல்ல.”

அவள் வழக்கம்போல் தலையை ஆட்டினாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம்

புகாரை விசாரிக்கத்தான் சார் அன்றைக்கு நேரே கடைக்கு வந்திருந்தார். நானும் கூடப் போனேன்.

“யார் கடை இது?” என்று சுசாந்தைக் கேட்டார்.

“அக்கா கடை சார்.”

“நீ யாரு?”

“நான் சும்மா நிக்கேன் சார்” என்றான், கரண்டி நிறைய வடையை அள்ளிக்கொண்டே.

அந்த நேரம் பார்த்து, சாத்தூர் ரோட்டுக் கம்பெனியிலிருந்து விஸ்வநத்தம் போகும் வேன் அந்தப் பக்கமாக வந்தது. ஜீப்பையும் கூட்டத்தையும் பார்த்துவிட்டு முத்துமாரி குதித்து இறங்கினாள். இறங்கியவள் எதிர்ச்சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள். அப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன்.

“அங்கன அடுப்பு எரியுதுல்ல சார்” என்று அவள் வண்டிச் சத்தத்துக்கு மேல் கத்தினாள். “நான் இன்னும் குளிக்கல.”

சார் தலையில் கை வைத்தார். “மறுபடியும் அந்த மடியா? நடுரோட்டுல நின்னுட்டா?”

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இந்த மனுஷன் இத்தனை நாளும் என்ன நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“சார், மடி இல்ல. அவ மேல இருக்கிறது பூராவும் பட்டாசு மருந்து. அடுப்புப் பக்கம் வந்து ஒரு பொறி பட்டாப் போதும். சேலையோட பத்திக்கிடும்.”

சார் எரிகிற அடுப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“அன்னைக்கு ஆபீஸ்ல குளிக்கணும்னு சொன்னது?”

“இதுக்குத்தான் சார்.”

“என்கிட்ட யாரும் சொல்லலையேம்மா” என்றார். அந்தக் குரலைக் கேட்டு எனக்கு அவர் மேல் பாசம் வந்துவிட்டது. அடுத்த நிமிஷம் கையைக் காட்டி லாரியை நிறுத்திவிட்டு, அவரே ரோட்டைத் தாண்டி அவளிடம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அவரிடமிருந்து விலகப் பார்த்த முத்துமாரியை ஒரு பைக் உரசுவதுபோல் வந்தது. சார் அவள் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தார். அவர் உள்ளங்கை வெள்ளியாகிவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

“அந்தப் பையனுக்குக் கடையை வாடகைக்கு விட்டிருக்கியா?”

“வாடகையெல்லாம் இல்ல சார்.”

“அப்ப அவன் யாரு?”

சொல்லித் தொலை, கூலிக்காரன் என்று சொல்லித் தொலை என்று மனசுக்குள் அவளைக் கெஞ்சினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எதிர்ப்பக்கம் கடையைப் பார்த்தாள்.

“கூலிக்காரன்னு சொல்லச் சொன்னாக சார். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரல” என்றாள். “கூட்டம் வாரது அவன் கைக்குத்தான். நான் வந்து சேருற வரைக்கும் அது அவன் கடை. வந்தப்புறம் எங்க ரெண்டு பேரு கடை. நீங்க என்ன வேணாலும் செய்யுங்க.”

அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். சார் “சரி” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். எந்தச் சரி என்று தெரியவில்லை. திரும்பவும் ரோட்டைத் தாண்டிக் கடைக்குப் போய்விட்டார். நான் அவளோடு சுவரோரம் நின்றுகொண்டேன்.

“யக்கா, நான் கெடுத்துட்டேனோ?”

“பேசாம இரு” என்றேன்.

அங்கிருந்து சத்தம் கேட்கவில்லை, பார்க்கத்தான் முடிந்தது. சார் ஏதோ கேட்கிறார். சுசாந்த் பதில் சொல்கிறான். சார் தட்டிலிருந்த வடையை எடுக்கக் கையை நீட்டுகிறார். சுசாந்த் வெடுக்கென்று தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டான். எனக்கு உயிரே போய்விட்டது. அதிகாரியிடம் இப்படியா?

அவன் அவருடைய கையைக் காட்டினான். பிறகு கீழே இருந்த வாளியைக் காட்டினான். அடுப்புக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டான். “கையில மருந்து இருக்கு சார், கழுவிட்டு இங்கன வாங்க” என்று சொன்னதாகப் பின்னால் சொன்னான். இந்த ஊருக்கு வந்து இரண்டு மழைக்காலம்கூட முழுதாகப் பார்க்காதவன்.

சார் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரமாகப் போய் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் கழுவினார். எழுந்து வந்து வடையை வாங்கினார். நின்றபடியே தின்றார். தின்று முடித்து அவனிடம் என்னவோ சொன்னார். மகளிர் குழுவுக்கு ஒரே கடையை நாலைந்து பெயரில் தருகிற மாதிரி, இந்தக் கடையை இரண்டு பெயரில் மாற்றித் தருவதாகவும், அவன் முகவரிக்குப் பிரஸ் முதலாளியிடம் தானே பேசுவதாகவும் சொன்னாராம். வீதிக்குப் பின்னால் ஒரு குளியலறை கட்டவும் அன்றைக்கே எழுதிக்கொண்டார். இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. சுசாந்த் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ரோட்டோரத்துக்கு ஓடி வந்ததுதான் தெரிந்தது.

“யக்கா” என்று கத்தினான். வண்டிகள் போய் ஓயும்வரை காத்திருந்து மறுபடியும் கத்தினான். “போயிக் குளிச்சிட்டு வா. கடை நமக்குத்தான்.”

முத்துமாரிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கக் கையைத் தூக்கியவள், கை முழுக்க மருந்து என்று நினைவு வந்து அப்படியே தொங்கவிட்டுக்கொண்டு அழுதாள். நான் என் முந்தானையை எடுத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நானும் குளித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தேன்.